நான்காம் கம்பியின் சீனியாரிட்டி

யுகுலேலே என்ற சொல்லை நான் முதலில் படித்தது ஒரு சுங்க அறிவிப்புச் சீட்டில். 'இசைக்கருவி (யுகுலேலே), ஒன்று. நைலான் கம்பிகள், நான்கு. அன்பளிப்பு.' நியூசிலாந்தில் இருக்கும் எங்கள் மகள் அனுப்பிய பெட்டியின் மேல் அந்தச் சீட்டு ஒட்டியிருந்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தாள். கையொப்பம் வேண்டிய இடத்தில் கையொப்பம் இருந்தது. முப்பத்துமூன்று ஆண்டு அரசுப் பணியில் அப்படி ஒரு படிவம் என் மேசைக்கு வந்தது அபூர்வம். எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே இருந்த பொருளைப் பற்றி அப்போது எந்த அபிப்பிராயமும் இல்லை.

பெட்டி என் மனைவிக்கு வந்தது. அவள் நாற்பது ஆண்டுகளாக வீணை வாசித்தவள். கச்சேரி, வானொலி என்றெல்லாம் போனதில்லை. காலையில் ஒரு மணி நேரம், நவராத்திரியில் ஒரு மாலை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எங்கள் கரமனை வீட்டில் மின்சாரம், தண்ணீர் போல ஒரு நிலையான வசதியாக இருந்தது. பக்கத்து அறையில் நாளிதழ் படித்துக்கொண்டு நான் அதை அனுபவித்தேன். நன்றி சொன்னதாக நினைவில்லை. தண்ணீர்க் குழாய்க்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

இங்கே மலையாளிகள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், பிறகு பிரித்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. விரல்கள் அந்த எக்ஸ்ரேயைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பாதி மடங்கி அங்கேயே நின்றன. வீணையில் கம்பியை அழுத்துவதோடு வேலை முடிவதில்லை. பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொண்டுவர வேண்டும். அவள் ஒருநாள் முயன்றாள். கம்பி அசையவில்லை. அன்றைக்கு வீணைக்கு உறை போட்டுச் சுவரோரம் சாய்த்தவள் பிறகு அதன் பக்கம் போகவில்லை.

தம்பானூருக்கு அருகில் உள்ள மருத்துவமனையில் பிசியோதெரபி கொடுத்த பெண் மலையாளி. எங்களிடம் பேசும்போது தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் செலவழிப்பாள்.

"அம்மே, இந்த ரெண்டு மூணு மாசமாணு முக்கியம். இப்ப விரலு மடக்கிப் பழகணும். இல்லெங்கில் பின்னே இது இப்படியே நின்னு போகும்."

கையில் பிசைய ஒரு பச்சை நிற மாவு உருண்டையும் கொடுத்தாள். என் மனைவி அதை இரண்டு நாள் பிசைந்தாள். மூன்றாம் நாள் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "ரொட்டி பண்றதுக்கா நான் பொறந்தேன்?" என்றாள். அந்த உருண்டை அங்கேயே காய்ந்தது.

மகளுக்கு இதெல்லாம் போனில் தெரியும். அவள் சொன்னாள்: "அம்மா, இங்க ஸ்கூல்ல எல்லாக் குழந்தைகளும் யுகுலேலேன்னு ஒரு குட்டி கிட்டாரைத்தான் வாசிக்கறது. நைலான் கம்பி, விரலே வலிக்காது. மடியில வெச்சுண்டு நாற்காலியிலயே உக்காந்துக்கலாம். ஒண்ணு அனுப்பறேன். பிடிக்கலேன்னா அப்பாட்ட குடு."

"சரி, அனுப்பு," என்றாள் மனைவி. போனை வைத்தபிறகு என்னிடம் சொன்னாள்: "இதுவும் வரலைன்னா நான் இனிமே எந்தக் கம்பியையும் தொடப்போறதில்லை. கேட்டேளா? அதோட விட்டுடுவேன்."

அவள் மிரட்டல் விடுகிறவள் இல்லை. சொன்னால் செய்துவிடுவாள். அதனால் அந்தப் பெட்டி வந்தபோது நான் அதை மிகுந்த பொறுப்போடு அணுகினேன். தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பொருள் சரியான நிலையில் வந்திருக்கிறதா என்று பார்த்து வைப்பது என் கடமை என்று தோன்றியது. எந்தக் கொள்முதலிலும் ஆய்வு முதலில், பயன்பாடு பிறகு. கருவியைக் கையில் எடுத்தேன். கிட்டாரைத் துவைத்துச் சுருங்கவிட்டது போல இருந்தது. கூடவே நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. உத்தரவாதச் சீட்டு என்று முடிவு செய்து, படிக்காமல், வீட்டில் 'வாரண்டி' என்று நான் எழுதி வைத்திருக்கும் கோப்பில் சேர்த்தேன். பிறகு சுருதிப் பெட்டியை ஓடவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பார்த்தேன்.

நாற்பது ஆண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டவனுக்கு, நம்பிக்கையோடு தவறு செய்யும் அளவுக்குச் சங்கீதம் வந்துவிடுகிறது. மூன்று கம்பிகள் ஒழுங்காக இருந்தன: ஸட்ஜம், காந்தாரம், தைவதம். படிப்படியாக மேலே போயின. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும், கீழிருந்து எண்ணினால் நான்காவதான கம்பி, கீழ்ப் பஞ்சமமாக இருக்க வேண்டியது, மேல் பஞ்சமமாகக் கீச்சிட்டது. தனக்கு அடுத்த இரண்டு கம்பிகளையும் விட உயரத்தில் இருந்தது. சீனியாரிட்டிப் பட்டியலில் ஒரு ஜூனியர், நீதிமன்ற உத்தரவுகூட இல்லாமல், முதலிடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு என்ன தோன்றுமோ அதே தோன்றியது. கம்பியும் மெலிதாக இருந்தது. தொழிற்சாலையில் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் அதைத் துணிப்பையில் வைத்து, கிழக்கேகோட்டைக்குப் பஸ் பிடித்து, சாலை எனப்படும் கடைத்தெருவில் இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து வேர்விட்டவர். கருவியை வாங்கி ஒருமுறை வருடினார்.

"இதுல என்ன சாரே கொறை? நல்லாத்தானே இருக்கு."

"மேல் கம்பி. தடியா, கீழ்ஸ்தாயில இருக்கணும். மாத்திப் போட்டிருக்கான்."

"இது இப்படித்தான் வரும் சாரே. கம்பெனி போட்டதுல்லா."

"கம்பெனி தப்பே பண்ணாதா?"

"பண்ணும். பண்ணாம என்ன? ஆனா என்கிட்ட நாலு வந்துச்சு. நாலுலயும் இப்படித்தான் இருந்துச்சு." சுவரில் மாட்டியிருந்த ஒன்றை எடுத்து மீட்டிக் காட்டினார். அதிலும் அதே கீச்சு.

"அப்போ நாலுலயும் தப்பு," என்றேன்.

அவர் அதைத் திரும்பச் சுவரில் மாட்டினார். "சாரு எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க?"

சொன்னேன். அதன்பிறகு அவர் வாதிடவில்லை. கிட்டாருக்கான கம்பிகளிலிருந்து உலோகச் சுற்றுப் போட்ட ஒரு தடிமனான கம்பியை எடுத்துப் பொருத்தினார். சுருதி கூட்டினேன். பஞ்சமம், ஸட்ஜம், காந்தாரம், தைவதம். ஏணிபோல வரிசை. பட்டியல் திருத்தப்பட்ட திருப்தியோடு வீடு திரும்பினேன். மனைவியிடம், "எல்லாம் செக் பண்ணி வெச்சிருக்கேன்," என்று மட்டும் சொன்னேன். என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. சிறு திருத்தங்களை யாரும் மேலிடத்துக்குத் தெரிவிப்பதில்லை.

மகள் வாட்ஸாப்பில் நான்கு வீடியோக்கள் அனுப்பியிருந்தாள். இந்தக் கருவியின் பெயரைச் சொன்னாலே உலகம் நினைத்துக்கொள்ளும் பழைய பாட்டுகள் இவை என்று எழுதியிருந்தாள். இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஒன்று பசிபிக் தீவுக்காரர்களின் விடைபெறும் பாட்டு. மெதுவாக, அலை வந்து போவதுபோல இருந்தது. பதவி உயர்வைத் தடுத்தவர்களே சால்வை போர்த்திப் புகழும் எங்கள் பிரிவுபசார விழாக்களில் அதைப் போட்டிருந்தால் யாராவது உண்மையிலேயே அழுதிருப்பார்கள். இன்னொன்று ஜன்னல் துடைக்கும் தொழிலாளி ஒருவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்டதையெல்லாம் குறும்பாகச் சொல்லும் பாட்டு. பணியின்போது அறிந்த விவரங்களை வெளியிடுவது எந்த நடத்தை விதியிலும் குற்றம். அதைச் சொன்னபோது மனைவி, "சும்மா இருங்கோ, விரல் எப்பிடி ஓடறது பாருங்கோ," என்றாள். மூன்றாவதில் ஓர் ஆண் கீச்சுக் குரலில் பூக்களுக்கு நடுவே நுனிக்காலால் நடந்தார். நான்காவது, வானவில்லைப் பார்த்து ஏங்கும் பாட்டு.

அதை அவள் மறுபடி போடச் சொன்னாள்.

"முதல் அடி எடுக்கறச்சேயே கீழ் ஸட்ஜத்துலேர்ந்து மேல் ஸட்ஜத்துக்குத் தாண்டறது பாத்தேளா? ஆலாபனை கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரே தாவல். என்ன தைரியம்!"

"அதையா வாசிக்கப் போறே?"

"பின்னே? பூவுல நுனிக்கால்ல நடக்கவா சொல்றேள்?"

அப்படித்தான் தொடங்கியது. காலையில் பழைய வீணை நேரத்தில் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கருவியை மார்போடு அணைத்துக்கொள்வாள். விரல் வைக்காத கம்பிகளை முதல் நாளே மீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஸ, க, ப, த. மோகனமாக்கும் இது. ரிஷபம் மட்டும் லீவுல போயிருக்கு." ஒரே ஒரு விரலை ஒரு கம்பியில் வைத்து நான்கையும் வருடினால் ஒரு முழுமையான ஒலி வந்தது. மகள் அதை 'கார்ட்' என்றாள். மூன்றாவது விரல் அந்தக் கட்டத்துக்கு எட்டியபோது அவள் முகத்தில் வந்த மலர்ச்சியை, அவள் விழுந்த நாளுக்குப் பின்னால் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை. நான் நாளிதழைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது கார்டுக்கு மேல் கம்பியை நடுவிரலால் அழுத்த வேண்டும். அங்கே நின்றாள். கம்பி தடியாக இருந்தது, உலோகச் சுற்று வேறு. இப்போதுதான் மடங்கப் பழகும் விரலுக்கு அது இரும்புக் கதவு. அழுத்தினால் மணிக்கட்டு வரை வலித்தது. அழுத்தாவிட்டால் 'டொக்' என்றது. மூன்றாவது கார்டிலும் அதே கம்பி, அதே விரல். நாள்தோறும் முயன்றாள். வலி ஒரு பக்கம் இருக்க, வாசித்த வரையிலும் ஏதோ சரியில்லை. வீடியோவைப் போட்டுக் கேட்பாள், பிறகு தான் வாசிப்பாள், பிறகு மறுபடி வீடியோவைக் கேட்பாள்.

"அதுல ஒரு சிரிப்பு இருக்கு. இதுல இல்லை. இது பானைக்குள்ளேர்ந்து பேசறாப்பல இருக்கு."

"போன் ஸ்பீக்கர்ல அப்பிடிக் கேக்கும்," என்றேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நேராகவே கேட்டாள். "இந்த மேல் கம்பி சரிதானா? நேக்கு என்னவோ சந்தேகமாக்கும்."

"நான் செக் பண்ணினதுதான். சரியாத்தான் இருக்கு. வீணையிலயும் கம்பி வரிசையாத்தானே இருக்கு?"

அவள் யோசித்தாள். வீணையின் மீட்டும் கம்பிகள் நான்கும் வரிசையாக இறங்குவது உண்மை. அதோடு, நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டு வரி ரசீது முதல் ரேஷன் அட்டை வரை நான் சரி என்று சொன்னது சரியாகவே இருந்திருக்கிறது. ஒப்புக்கொண்டாள். தன் காதைவிட என் கையொப்பத்தை நம்பினாள்.

எட்டாம் நாள் யுகுலேலேயைப் பெட்டியில் வைத்து மூடி, வீணைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "கை போச்சு," என்றாள், கறிவேப்பிலை தீர்ந்துபோச்சு என்பதுபோல. "ஞாயித்துக்கிழமை அவ போன் பண்ணுவா. சொல்லிடறேன்."

மறுநாள் பிசியோதெரபிக்கான நாள். வரமாட்டேன் என்றாள். முன்பதிவை ரத்து செய்ய இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருப்பதைச் சொல்லி அழைத்துப் போனேன். அந்த விதியை நான் அப்போதுதான் உருவாக்கினேன்.

அவள் உள்ளே போனாள். வெளியே நடைபாதையில் டோக்கன் எண்கள் சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தன. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அவள் கையைத் தவிர வேறு ஏதாவது காரணம் கிடைக்குமா என்று போனில் தேடினேன். நாற்காலி உயரமாக இருக்கலாம், கருவியைப் பிடிக்கும் கோணமாக இருக்கலாம். தொடக்கநிலையினருக்கான ஒரு பாடம் வந்தது. ஒரு நடுத்தர வயதுப் பெண் சுருதி சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மீட்டினாள்.

மேல் கம்பி கீச்சிட்டது.

நிறுத்தி, திரும்பப் போட்டேன். வேறொரு பாடத்தைத் திறந்தேன். அதிலும் கீச்சு. இன்னொன்றில் ஒரு முதியவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். நான்காம் கம்பி வேண்டுமென்றேதான் உயரத்தில் இருக்கிறது, பழைய பாட்டுகளின் அந்தத் துள்ளல் அதனால்தான் வருகிறது, புதிதாகப் பார்ப்பவர்கள் தவறு என்று நினைப்பதுண்டு என்றார். புதிதாகப் பார்ப்பவர்கள். 'நாலுலயும் தப்பு' என்று நான் கடையில் சொன்ன குரல் என் காதிலேயே கேட்டது. வாரண்டி கோப்பில் இருக்கும் மடித்த தாளில் என்ன எழுதியிருக்கும் என்று திறந்து பார்க்காமலே தெரிந்தது.

அவள் வெளியே வர இருபது நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு முன்னாள் அரசு ஊழியனின் மூளையில் என்னென்ன ஓடும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாருக்கும் தெரியாமல் கம்பியை மாற்றிவிடலாம். 'ஈரத்தில் கம்பி கெட்டுப்போயிருந்தது' என்று குறிப்பு எழுதலாம். கடைக்காரர் மேல் போடலாம். இந்த மூன்று வழிகளையும் நான் பணியில் பிறர் கோப்புகளில் பார்த்து, சிவப்பு மையில் கேள்வி கேட்டிருக்கிறேன். நான்காவது வழிக்கு நடைமுறை எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை.

ஆட்டோவில் ஏறினோம். அவள் இடது கையை மடியில் யாரோ விட்டுப்போன பொருள்போல வைத்திருந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றேன்.

"சொல்லுங்கோ."

"அந்த யுகுலேலேல மேல் கம்பி வந்தப்போ அப்பிடி இல்லை. மெலிசா, மேல் ஸ்தாயில இருந்தது. தப்புன்னு நெனச்சு நான்தான் கடையில குடுத்து மாத்தினேன். அது தப்பு இல்லையாம். அப்பிடித்தான் இருக்கணுமாம்."

அவள் திரும்பினாள். "யாரைக் கேட்டு மாத்தினேள்?"

"யாரையும் கேக்கலை."

"நான் கேட்டேனே. மேல் கம்பி சரிதானான்னு உங்களைத்தானே கேட்டேன்? என்ன சொன்னேள்?"

"சரின்னு சொன்னேன்."

"எட்டு நாள்." அவள் குரல் உயரவில்லை. "எட்டு நாளா இந்தக் கையைத் திட்டிண்டிருந்தேன். சாதம் பிசையறச்சே இதைப் பாக்கவே பிடிக்கலை நேக்கு. என் காது கெட்டுப்போச்சோன்னுகூட நெனச்சேன். கை போனாப் போகட்டும், காதும் போச்சேன்னு."

தம்பானூர்த் திருப்பத்தில் ஆட்டோக்காரர் முகம் திருப்பாமல் கேட்டார்: "சாரே, கரமனைக்கு அல்லே?"

"அல்ல," என்றாள் மனைவி. "சாலைக்குப் போகு. கம்பி வாங்கணும்."

"கம்பியோ? வீடு பணியுன்னுண்டோ?" சாலைக் கடைத்தெருவில் கட்டடக் கம்பி விற்கும் கடைகள் வரிசையாக இருப்பதால், வீடு கட்டுகிறீர்களா என்ற அவர் கேள்வி நியாயமானது.

"இல்ல. ஒராள் பணிஞ்ஞது பொளிக்கானா," என்றாள். ஒருவர் கட்டி வைத்ததை இடிக்கத்தான்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்த ஒருவர் யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. மிகுந்த அனுதாபத்தோடு ஹாரனை அழுத்தினார்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். என் மனைவியைப் பார்த்ததும் தைரியம் பெற்றார்.

"அம்மா, நான் அன்னைக்கே சொன்னேம்லா. சாரு கேக்கலையே! நாலுலயும் தப்புன்னுட்டாங்க. நான் என்ன செய்ய?"

"நன்னாச் சொன்னேள். இன்னும் உரக்கச் சொல்லியிருக்கணும்," என்றாள் அவள். "அந்தச் சுவத்துல மாட்டியிருக்கே, அதைக் கொஞ்சம் எடுங்கோ."

நின்றபடியே வாங்கி, மேலிருந்து கீழாக ஒருமுறை மீட்டினாள். மறுபடி மீட்டினாள். பிறகு கட்டைவிரலால் மேல் கம்பியை மட்டும் தட்டித் தட்டிக் கேட்டாள். அவள் முகம் மாறுவதைக் கடைக்காரரும் கவனித்தார்.

"இது தாளக் கம்பியாக்கும்!" என்றாள் என்னிடம். கோபமாக இருப்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டாள். "வீணையில பக்கவாட்டுல மூணு கம்பி இருக்கே, சுண்டுவிரலால தட்டுவேனே, அது மாதிரி. அது பாட்டு பாடறதுக்கு இல்லை. காலத்தைப் பிடிச்சுக்கறதுக்கு. அது மேல் ஸ்தாயிலதானே இருக்கும்! இங்க இடம் இல்லாததாலே அதைக் கொண்டுவந்து வரிசையிலயே உக்கார வெச்சிருக்கான். கெட்டிக்காரன்."

நாற்பது ஆண்டு நான் அந்த மூன்று கம்பிகளைக் கேட்டிருக்கிறேன். அவை என்ன வேலை செய்கின்றன என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

கடைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து, தாளில் சுற்றிய ஒரு மெல்லிய நைலான் கம்பியை எடுத்தார். "அன்னைக்குக் கழட்டினது. தூரப் போடல. சாரு திரும்பி வருவீங்கன்னு எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. முடிச்சுப் போடும் விதத்தை அவளுக்கு இரண்டு முறை செய்து காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பெட்டியை எடுக்கக் கை நீட்டினேன். "நீங்க உக்காருங்கோ," என்றாள். உட்கார்ந்தேன். தடிமனான கம்பியை அவளே கழற்றினாள். மெல்லியதைத் துளையில் கோத்து, வளைத்து, அடியில் செருகி இழுக்க வேண்டும். வலது கை கருவியைப் பிடித்துக்கொள்ள, முடிச்சு இடது கை விரல்களின் பொறுப்பு. கம்பி நழுவியது. மறுபடி கோத்தாள். மறுபடி நழுவியது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதைப்போல் கடினமான வேலையை நான் பணியில் செய்ததில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடித் தொட்டன. பச்சை மாவு உருண்டைக்கு மடங்காத விரல்கள் அந்த முடிச்சுக்கு மடங்கின. அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். முடிச்சு நின்றது.

சுருதி கூட்டி வருடினாள். பானைக்குள்ளிருந்து பேசியது வெளியே வந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. இரண்டாவது கார்டுக்கு இப்போது வலி இல்லை. ஆனால் நடுவிரல் வந்து சேரத் தாமதமானது. பாட்டு ஒரு வேகத்தில் போகும், விரல் தன் வேகத்தில் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம், "இன்னும் ஒரு வாரம் ஆகும். அப்பா ஒரு வேலை பண்ணி வெச்சுட்டார்," என்று தொடங்கி முழுக் கதையையும் சொன்னாள். மகள் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "அப்பா, நாலுலயும் தப்பா? நாலுலயுமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நான் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்கக் காலையில் அதே பாட்டு. பிசியோதெரபிப் பெண் விரல்களை மடக்கிப் பார்த்து, "அம்மே, மாவு நல்லா பிசையுன்னுண்டு அல்லே?" என்றாள். மனைவி ஆமாம் என்று தலையாட்டினாள். நான் மறுத்துப் பேசவில்லை. பொய்ச் சான்றிதழ் ஒன்றுக்கு நான் உடன்பட்டது அதுவே முதல் தடவை.

அடுத்த ஞாயிறு காலை. நியூசிலாந்தில் மதியம் தாண்டியிருந்தது. போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைக்கும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது. மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒருமுறை இடது கையை உதறிக்கொண்டாள்.

"தப்பு வந்தா நிறுத்தாதே மா, போயிண்டே இரு," என்றாள் மகள்.

"நோக்கு யாருடி சங்கீதம் சொல்லிக் கொடுத்தது? சும்மா கேளு."

அந்தப் பெரிய தாவலோடு பாட்டு எழுந்தது. அவள் பாடவில்லை, முனகினாள். கார்டுகள் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நடு அடியில் அந்த இடம் வருவது எனக்குத் தெரியும். வாரம் முழுக்கக் கேட்டு எனக்கும் அது மனப்பாடம். அங்கே நடுவிரல் வரவில்லை. பாதி வழியில் நின்றது.

அவள் நிறுத்தவில்லை. வலது கைக் கட்டைவிரல் மேல் கம்பியை மட்டும் தட்டத் தொடங்கியது. டிங். டிங். டிங். அவசரமில்லாமல், காலம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு தட்டுக்குப் பின்னால் நடுவிரல் மெதுவாகத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அவள் நான்கு கம்பிகளையும் சேர்த்து வருடினாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து நடந்து கடைசி அடி வரை போய் முடிந்தது.

போனில் மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா, நடுவுல ஒரு எடம் வந்துதே, ஒரே கம்பியில டிங் டிங்னு. வீடியோல அது கிடையாதே! எப்பிடி யோசிச்சே? எவ்வளவு அழகா இருந்தது தெரியுமா?"

"யோசிக்கவும் இல்லை, ஒண்ணும் இல்லை," என்றாள் அவள், இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "விரல் வரட்டும்னு காத்துண்டிருந்தேன். வந்துடுத்து."

பிறகு யாரும் கேட்காமலே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.